அண்ணா ரேடியோவில் பதிந்த சி-90: முதலில் செட்டைப் பாருங்கள், பிறகு கசெட்டைப் போடுங்கள்

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தை வீட்டைக் காலி செய்தபோது, இப்போது கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணா தொண்ணூறுகளின் நடுவில் ரேடியோவிலிருந்து பதிந்த, தொண்ணூறு நிமிடம் ஓடும் ஒரு சி-90 கசெட் அகப்பட்டிருக்கிறது. உள்ளே ஆங்கில ஓல்டர்நேட்டிவ் ரொக் பாட்டுகள். உறையில் பேனையால் எழுதிய பெயர்களில் பாதி அழிந்துவிட்டது. கசெட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாவின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. சொந்தக்காரர் வீட்டுப் பழைய செட்டில் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தீர்கள். மெதுவாகவும் மந்தமாகவும் கேட்டதால் பயந்து நிறுத்திவிட்டீர்கள். இதைக் கெடுக்காமல் கேட்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஆனால் கடைசி வரியில், "எல்லாப் பாட்டும் இணையத்தில் இருக்கிறதே, அதே வரிசையில் ஒரு பட்டியல் செய்து அண்ணாவுக்கு அனுப்பினால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தீர்மானிக்க வேண்டியது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: போதாது.

நான் எண்பதுகளின் கடைசியில் கொட்டாஞ்சேனையில், கேட்ட பாட்டைக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தவன். கசெட் காலம் முடிந்த பிறகு செட் திருத்தினேன். இப்போது வீடுகளிலிருந்து வரும் பழைய கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். கல்யாண வீட்டுப் பதிவு, அம்மம்மாவின் குரல், கோயில் திருவிழா நாதஸ்வரம் என்று எல்லாம் வரும். அவற்றோடு உங்களுடையதைப் போல ரேடியோவில் பிடித்த பாட்டுக் கசெட்டுகளும் வரும். அவற்றைக் கொண்டுவருபவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் தருவார்கள், "இதில் ஒன்றும் பெரிதாக இல்லை" என்று. என் அனுபவத்தில் அப்படிச் சொல்லித் தரப்படும் கசெட்டில்தான் வேறெங்கும் கிடைக்காத நிமிடங்கள் இருக்கின்றன.

ஏன் என்று சொல்கிறேன். இசைத்தட்டிலிருந்து பார்த்துப் பார்த்துத் தொகுத்த கசெட்டில் பாட்டுகளின் வரிசை தொகுத்தவருடையது. ரேடியோவிலிருந்து பதிந்ததில் வரிசை அவர் கையில் இல்லை. அந்தப் பாட்டு அடுத்து எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ரெக்கோட் பட்டனையும் போஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டு, விரலை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் கையில் இருப்பது, அண்ணா எந்தெந்த இரவுகளில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதன் பதிவு. முதல் நான்கு செக்கன் போன பாட்டு, அறிவிப்பாளர் கிற்றார் தொடங்கிய பிறகும் பேசிக்கொண்டிருக்கும் இடம், பாதியில் வெட்டுப்பட்ட விளம்பரம், போஸ் பட்டனின் 'டக்' சத்தம் எல்லாம் அதில் இருக்கும். இணையத்துப் பட்டியலில் பாட்டு மட்டும் வரும். அன்றைய ஒலிபரப்பை அந்த நிலையம் பதிந்து பத்திரப்படுத்தியிருக்கும் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். நேரலையில் பேசிப்போன பேச்சு பெரும்பாலும் காற்றோடு போனதுதான்.

அந்தக் காலம் கொழும்பு வானொலிக்கும் ஒரு திருப்பம். 1949 முதல் இலங்கை வானொலி, 1967இல் கூட்டுத்தாபனம், 1972 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறினாலும் அதுவரை ஒலிபரப்பு அரசின் கையிலேயே இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தன. டி.என்.எல்., யெஸ் எஃப்.எம். போன்றவற்றில் ஆங்கில ரொக் பாட்டுகள் ஓடத் தொடங்கின. சிற்றலையில் பிபிசி உலக சேவையில் அறிவிப்பாளர் ஜோன் பீலின் இசை நிகழ்ச்சியைக் கொரகொரப்புக்கு நடுவே பிடித்தவர்களும் இருந்தார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழ்ப் பொடியன்கள் இந்த இசையை எவ்வளவு ஆசையாகத் தேடினார்கள் என்பதை நான் கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். வெறுங் கசெட் வாங்க வருவார்கள். "அண்ணே, போன சனிக்கிழமை போட்ட அந்தப் பாட்டு யாரிடமாவது இருக்கிறதா" என்று கேட்பார்கள். எங்கள் கடையில் இருந்ததெல்லாம் தமிழும் ஹிந்தியும். அவர்கள் பதிந்துகொண்டுவந்து போட்டுக் காட்டித்தான் எனக்கு அந்த இசையே அறிமுகம்.

சரி, இனிக் கெடாமல் கேட்பது. ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இத்தனை வருடம் தாங்கிய நாடாவுக்கு இப்போது பெரிய ஆபத்து அதைப் போடப்போகும் செட்டிலிருந்துதான் வரும். பழைய செட்டுகளில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சிலவற்றில் தாராகக் கரைந்திருக்கும். நாடாவை இழுக்கும் சின்ன ரப்பர் ரோலர் காய்ந்து கண்ணாடி போல வழுக்கும். அது சீராக இழுக்காதபோது நாடா ரோலரைச் சுற்றிக்கொள்ளும். சி-90 நாடாவின் தடிப்பு ஏறத்தாழ 12 மைக்ரோமீற்றர்தான். அறுபது நிமிட சி-60 அதைவிட நல்ல தடிப்பு. சுற்றிக்கொண்ட சி-90 கசங்கினால் அந்தக் கசங்கல் முழுதாகப் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் ஒரு மாணவன் நம்பித் தந்த கசெட்டை, ரோலரைப் பார்க்காமல் ஒரு கசெட் டெக்கில் போட்டு மூன்று நிமிடத்தை நாசமாக்கினேன். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு அறிவிப்பாளர் அவன் பெயரை வாசித்திருந்தார். அன்றிலிருந்து, செட் எவ்வளவு நல்லதென்று சொன்னாலும், இழந்தால் கவலையில்லாத ஒரு கசெட்டை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்காமல் அடுத்தவர் கசெட்டை நான் போடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். சொந்தக்காரர் வீட்டுச் செட்டில் மறுபடி போட வேண்டாம். புதிதாக விற்கும் மலிவு யூஎஸ்பி கசெட் பிளேயர்களும் எனக்குத் திருப்தியில்லை. அவற்றின் வேகம் தளும்பும், இரைச்சலும் கூட. பெல்ட்டும் ரோலரும் மாற்றிய, ஒரு காலத்தில் நல்ல விலைக்கு விற்ற பழைய டெக் ஒன்றே சரி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரித்தால் இன்னும் இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. அண்ணா பதிந்த அதே செட் வீட்டில் எங்காவது கிடந்தால் அதை வீசிவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த வெள்ளை பற்றி. நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. புள்ளி புள்ளியாக, நூல் நூலாக, ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருந்து, திறந்தால் பழைய பெட்டி மணம் வந்தால் அது பூஞ்சணம். விளிம்பு முழுக்க ஒரே சீராக மெல்லிய தூள் போல இருந்தால், நாடாவில் சேர்த்த வழுவழுப்புப் பொருள் வெளியே பூத்திருக்கவும் கூடும். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றரில் இருந்த வீடு என்பதால் நான் பூஞ்சணம் என்றே சந்தேகிக்கிறேன். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கொழும்பில் வருடம் முழுக்க அதைவிடக் கூடத்தான். முதலில் கசெட்டை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு (ஜெல் நீல நிறமோ செம்மஞ்சளோ, எதுவும் சரி) மூடி இறுகும் ஒரு டப்பாவில் இரண்டு வாரம் வையுங்கள். பூஞ்சணம் காய்ந்து வெறும் தூளாகும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அரிசித் தூசி உள்ளே போகும். வெயிலும் ஹெயார் டிரையரும் கூடவே கூடாது. பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நூல் பிரியாத மெல்லிய துணியை நாடாவின் இரு பக்கமும் மெதுவாகத் தொடவைத்து, கையால் சுற்றித் துடைத்தெடுக்க வேண்டும். சி-90இல் ஏறத்தாழ 135 மீற்றர் நாடா இருக்கிறது. பொறுமை இல்லாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. நாடாவில் ஸ்பிரிட்டோ தண்ணீரோ படக்கூடாது. ஸ்பிரிட், நாடாவை வாசிக்கும் செட்டின் ஹெட்டுக்கு மட்டும். பூஞ்சணம் பிடித்த கசெட்டை ஓட்டிய செட்டை உடனே துடைக்காவிட்டால் அடுத்த கசெட்டுக்கும் அது போகும்.

அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் நாடா சரியாகும் என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் எழுபது, எண்பதுகளில் ஸ்டூடியோக்கள் பாவித்த சில பெரிய சுருள் நாடாக்களுக்கான வைத்தியம். அவற்றில் ஒட்டும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். வீட்டுக் கசெட்டில் அந்த நோய் அபூர்வம். செய்யவே வேண்டாம். கசெட்டைப் பிரித்துப் பார்ப்பதென்றால், ஐந்து திருகாணி போட்டதாக இருந்தால் பயமில்லை. நடுவில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தாலும் சத்தம் மந்தமாகும், விட்டு விட்டும் கேட்கும்.

மந்தம் என்றதும் எல்லோரும் நாடா கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கசெட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர். அதில் இரண்டு பக்கத்துக்குமாக நான்கு தடங்கள், ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீற்றர் அகலம். பதிந்த செட்டின் ஹெட் இம்மியளவு சரிந்திருந்தால், அதே சரிவில் இருக்கும் ஹெட்டால்தான் அதை முழுதாக வாசிக்க முடியும். சரிவு பொருந்தாவிட்டால் முதலில் போவது மேல் சுரங்கள்: சிம்பலின் 'ஸ்ஸ்', பாடுபவரின் 'ச' எழுத்து. அண்ணாவின் செட் வேண்டும் என்றது இதனால்தான். அது இல்லாவிட்டால், டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, 'ஸ்ஸ்' மிகக் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு சனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் அந்த இடம் இன்னும் தெளிவாகப் பிடிபடும். பிறகு மறுபக்கத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: எஃப்.எம். ஒலி 15 கிலோஹேர்ட்ஸ் வரை போகும்; மத்திய அலையிலும் சிற்றலையிலும் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் இருக்காது. அண்ணா சிற்றலையில் பதிந்த பாட்டென்றால் அது பிறந்ததே மந்தமாகத்தான். சத்தம் அலை போல ஏறி இறங்கினால் சிற்றலை என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த இடத்தை வைத்துத் திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரே கசெட்டில் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம்.

வேகம் இன்னும் சுவாரசியமானது. கசெட் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். வீட்டுச் செட்டுகளில் இரண்டு மூன்று சதவீதம் கூடக் குறைய இருப்பது வழக்கம். இப்போது மெதுவாகக் கேட்டது உங்கள் சொந்தக்காரரின் செட்டின் பெல்ட் தளர்ந்ததால் இருக்கலாம். ஆனால் பதிந்தபோதும் வேகம் மாறியிருக்கலாம். 1996இல் மழை பொய்த்து நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் கட் இருந்ததல்லவா? அப்போது பற்றரியில் பதிந்தவர்கள் நிறையப் பேர். பற்றரி இறங்க இறங்க மோட்டர் தளர்ந்து நாடா மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் பாட்டு வர வர வேகமாகவும் சுருதி கூடியும் கேட்கும். கரண்டில் பதிந்ததென்றால் ஒரு நல்ல சாட்சி கிடைக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த 'ம்ம்' என்ற உறுமல் நாடாவிலும் ஏறியிருக்கும். கணினிக்கு மாற்றிய பிறகு, ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், பாட்டு இல்லாத ஒன்றரைச் செக்கனைத் தெரிவு செய்து அதிர்வெண் வரைபடம் போட்டுப் பாருங்கள். வரைபடத்தின் 'சைஸ்' என்ற அளவை 65536 என்று வைத்தால் முக்கால் ஹேர்ட்ஸ் வித்தியாசமும் தெரியும். உறுமல் 50இல் இல்லாமல் 48இல் நின்றால் நாடா நாலு சதவீதம் மெதுவாக ஓடுகிறது. டெக்கின் சொந்த உறுமலும் 50இல் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மின்சாரத்தின் அதிர்வெண்ணே கொஞ்சம் ஆடும் என்பதால் இந்தக் கணக்கை ஒரு சதவீதத்துக்கு மேல் நுணுக்கமாக நம்புவதில்லை. இதைவிட நல்ல சாட்சி, பிபிசியின் மணிக்கொருமுறை வரும் ஆறு 'பிப்' சத்தம் நாடாவில் அகப்பட்டால். அது சரியாக 1000 ஹேர்ட்ஸ். அதற்கு மேல் என்ன வேண்டும்?

கணினிக்கு மாற்றும்போது பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் போதும்; 96 வைத்தாலும் தவறில்லை. 48இல் தொண்ணூறு நிமிடமும் ஒன்றரை ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். சத்தம் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பட்டனை, உறையில் டொல்பி என்று குறித்திருந்தால் தவிர, அணைத்தே வையுங்கள். ரேடியோவும் கசெட்டும் சேர்ந்த அந்தக் காலத்துச் சாதாரண டூ-இன்-வன் செட்டுகளில் டொல்பி பெரும்பாலும் இல்லை. முக்கியமாக ஒன்று: ஒரு பக்கத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் ஒரே கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்காதீர்கள், பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள். வெட்டித் துப்புரவாக்கிய பிரதி வேண்டுமென்றால் பிறகு அதிலிருந்து இன்னொன்று செய்துகொள்ளலாம். இளைய பிள்ளைகள் ஆர்வக்கோளாறில் அறிவிப்பாளர் பேச்சையெல்லாம் வெட்டி, பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். கசெட்டும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். அதைக் கேட்கும்போது வயிறு எரியும்.

அந்தப் பேச்சுத்தான் கசெட்டுக்குத் தேதி சொல்லும். எப்போது பதிந்தது என்று அண்ணாவுக்கே ஞாபகம் இல்லை என்றீர்கள். பாட்டுகளை வைத்து ஒரு கீழ் எல்லை போடலாம்: நிர்வாணா குழுவின் இரண்டாவது அல்பம் 1991 செப்டெம்பர் 24இல் வந்தது, ஒயேசிஸ் குழுவின் முதல் அல்பம் 1994 ஓகஸ்டில். வராத பாட்டை யாரும் பதிந்திருக்க முடியாது. ஆனால் வெளிவந்து எத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு நிலையம் அதைப் போடலாமே, ஆகவே மேல் எல்லையைப் பாட்டு சொல்லாது. விளம்பரம் சொல்லும். கொழும்புத் தொலைபேசி எண் ஆறு இலக்கமாகச் சொல்லப்பட்டால், இப்போதைய ஏழு இலக்கத்துக்கு மாறுவதற்கு முந்தியது. 1996 மார்ச்சில் நாம் உலகக் கிண்ணம் வென்ற பேச்சு எங்காவது அடிபடலாம். எனக்கு மிகப் பிடித்த தடயம் நேரம். 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை மணித்தியால வித்தியாசத்துக்குத் திரும்பினோம். பிபிசி அறிவிப்பாளர் கிரீன்விச் நேரம் 15 மணி என்று சொல்கிறார் என்று வையுங்கள். உறையில் அண்ணா இரவு 8.30 என்று எழுதியிருந்தால் 1996 மேக்கு முந்தியது (2006க்குப் பிந்தியது என்று உங்கள் கசெட்டைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள்). 9.30 என்றிருந்தால் அந்த ஐந்து மாதத்துக்குள் ஓர் இரவு. 9.00 என்றால் அதற்குப் பிறகு. உறையில் அழிந்துபோன எழுத்தைச் சாய்த்துப் பிடித்த டோர்ச் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பேனை அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

பெயர் தெரியாத பாட்டுகளுக்குத் தொலைபேசியில் பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலிகள் உதவும். ஆனால் வேகத்தைத் திருத்திய பிறகே கேட்கவையுங்கள். சில சதவீதம் விலகினாலே அவை தடுமாறும். செயலி ஒன்றும் சொல்லாவிட்டால் பாட்டு அபூர்வம் என்று துள்ளிவிடவும் வேண்டாம், சிற்றலைக் கொரகொரப்பே காரணமாக இருக்கலாம். அதேநேரம், வானொலி நிலையத்திலேயே வந்து வாசித்த பதிவு என்றால் அல்பத்தில் உள்ளதிலிருந்து வேறாக இருக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் அறிவிப்பாளர் அதற்கு முன்னும் பின்னும் என்ன சொல்கிறார் என்பதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி வையுங்கள்.

மாற்றி முடிந்ததும் கசெட்டின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக யாரும் மேலே பதிய முடியாது. பெட்டிக்குள் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்; ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். அண்ணாவுக்கு அனுப்பும்போது முதலில் வெட்டாத கோப்பை அனுப்புங்கள், இரண்டு பக்கமும். பட்டியலைப் பிறகு அவரே சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். எந்தப் பாட்டுக்காக எத்தனை இரவு காத்திருந்தார் என்று சொல்வார், அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் உலர்த்திய பிறகு நாடாவின் விளிம்பைக் கிட்டவாக ஒரு படம் எடுத்து இங்கே போட்டால், துடைக்கலாமா கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.